மூன்று வயது மகனுக்குப் படக்கதை வாசித்தால் இரண்டாம் பக்கத்திலேயே எழுந்து ஓடிவிடுகிறான். என்ன செய்வது?

ஓடட்டும், விடுங்கள். அச்சில் இருப்பதை அப்படியே வாசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. யானை சந்தைக்குப் போகும் கதை. "யானை மகிழ்ச்சியுடன் சந்தைக்குச் சென்றது" என்று தொடங்கினேன். என் வாயைக் கையால் பொத்தி, "படிக்காதப்பா, சொல்லு" என்றாள். எங்கள் வீட்டில் யார் "சென்றது" என்று பேசுகிறோம்? "ஆனைக்கு ஒரே குஷி, சந்தைக்குக் கிளம்பிடுச்சு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. படத்தின் மூலையில், காய்க்கடைக்குக் கீழே ஒற்றைச் செருப்பு. இன்னொன்று எங்கே? மூன்று இரவுகள் இதே விசாரணை. எனக்கு எரிச்சல், புத்தகத்தை முடிக்க வேண்டுமே. நான்காம் நாள், "நீயே சொல்லு, எங்க போயிருக்கும்?" என்று கேட்டுத் தொலைத்தேன். நாய் தூக்கிப் போயிருக்கிறது, நாய்க்குக் காலில் முள், அதன் அம்மா திட்டுகிறாள்... இருபது நிமிடம். யானையை இருவருமே மறந்துவிட்டோம்.

இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. 1988-ல் அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட்டும் குழுவினரும், விரலால் சுட்டிக் காட்டினாலே பதிலாகிவிடும் கேள்விகளைக் குறைத்துக் குழந்தையைப் பேசவிடும்படி பெற்றோரைப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் பேச்சில் முன்னேற்றம் தெரிந்ததாம்.

"எழுத்துத் தமிழ் எப்படி வரும்?" என்று சண்டைக்கு வருவார்கள். கதை பழகியபின் அச்சில் உள்ளபடியும் வாசிப்பேன். இப்போது "பூனை சென்றது" என்று அவளே சொல்லிச் சிரிக்கிறாள். நான் நிபுணன் இல்லை, எங்கள் வீட்டிலும் சோறு ஊட்டும்போது யூடியூப் ஓடுகிறது.

புத்தகம் வாங்கக் காசு வேண்டும் என்பதும் இல்லை. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். கையில் பிடித்துப் புரட்டத்தான் துளிகா, நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் வாங்குகிறோம்.

நூலகத்துக்குப் போகலாமே என்பீர்கள். போனேன். குழந்தைகள் புத்தகமெல்லாம் பூட்டிய பீரோவில். "பசங்க கிழிச்சிடுவாங்க சார்." வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறேன்? பீரோவுக்கா கட்டுகிறேன்? மூன்று வயதில் கிழிக்காமல் எப்போது கிழிப்பது? சரி, அதை விடுங்கள்.

போன வாரம் கோயில் வாசலில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. மகள் நின்றுவிட்டாள். "அப்பா, நாய் இங்க கொண்டுவந்து போட்டிருக்கு." உள்ளே போகக் கால் மணி நேரம் ஆயிற்று.