நியூரான்கள் தொட்டுக்கொள்வதில்லை: மூளை பற்றிய கேள்வி பதில்

புதுச்சேரியில் பல ஆண்டுகள் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பித்தவன் நான். மூளை, நியூரான்கள் (நரம்புச் செல்கள்) பற்றி வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே எழுதுகிறேன். தனிப்பட்ட நோய்க்கு மருந்து சொல்வதில்லை.

நெல்லித்தோப்பு, பத்தாம் வகுப்பு மாணவி: மூளையின் பாகங்களை எத்தனை முறை படித்தாலும் மறந்துவிடுகின்றன.

படத்தை மட்டும் பார்த்தால் மறக்கத்தான் செய்யும். கறிக்கடையில் ஓர் ஆட்டு மூளையை உடையாமல் வாங்கி வரச் சொல்லுங்கள். மடிப்பு மடிப்பாக இரண்டு பாதிகளாகத் தெரிவது பெருமூளை. பின்னால் நெருக்கமான வரிகளோடு சின்னதாக இருப்பது சிறுமூளை. அடியில் காம்பு போல இறங்கித் தண்டுவடத்தோடு சேரும் இடம் முகுளம். மூச்சும் இதயத் துடிப்பும் அதன் பொறுப்பு. பாதிகளை மெல்ல விலக்கினால் நடுவே இரண்டையும் இணைத்தபடி தெரியும் வெள்ளைப் பட்டை கார்ப்பஸ் கலோசம். மனித மூளையின் ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்களில் 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன. பெயரில் உள்ள 'சிறு'வை நம்பி அதை எடைபோடாதீர்கள்.

கடைசியாக விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். நம்முடையதும் அவ்வளவு மென்மையானதுதான். அதைத் தொட்ட கையோடு அப்பாவிடம் தலைக்கவசத்தை எடுத்துக் கொடுங்கள்.

முத்தியால்பேட்டை: நாம் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமா?

பொய். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. வேலை செய்யாத உறுப்புக்கு உடல் இவ்வளவு தீனி போடாது.

வில்லியனூர், மின்பணியாளர்: நரம்பில் ஓடுவது மின்சாரம்தானே? நடுவில் ரசாயனம் எதற்கு?

நல்ல கேள்வி. தாமிரக் கம்பியில் ஓடுவது போன்ற மின்சாரம் அல்ல இது. ஓய்வில் நியூரானின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். தூண்டப்பட்டதும் சவ்வில் கதவுகள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்த மாற்றம் பக்கத்துக் கதவுகளைத் திறக்கிறது. சரவெடியில் ஒரு வெடி அடுத்ததைப் பற்றவைப்பது போல. கடைசி வெடியும் முதல் வெடியின் பலத்தோடுதான் வெடிக்கும். ஆனால் இந்தச் சரம் சில மில்லிவினாடிகளில் மீண்டும் தயாராகிவிடும். நியூரானிலிருந்து செய்தியைக் கொண்டுபோகும் நீண்ட இழைக்கு ஆக்சான் என்று பெயர். மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய தடித்த ஆக்சானில் இதன் வேகம் வினாடிக்கு 120 மீட்டர் வரை போகும். கடலூர் முதுநகரில் விற்கும் ஊசிக் கணவாயின் உறவினம் ஒன்றில் ஆக்சான் ஒரு மில்லிமீட்டர் வரை பருமனாக இருக்கும். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கில விஞ்ஞானிகள் அதில் மின்முனையைச் செருகித்தான் 1952இல் இந்தக் கணக்கை முடித்தார்கள்.

ஆக்சான் முடியும் இடத்தில், அடுத்த செல்லுக்கு முன்னால், சினாப்ஸ் என்ற இடைவெளி வருகிறது. ரசாயனத்தின் வேலை அங்கே.

லாஸ்பேட்டை: மீதி 90 சதவீத மூளையை எழுப்பப் பயிற்சி உண்டா?

முத்தியால்பேட்டைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வில்லியனூர், மீண்டும்: இடைவெளி 20 நானோமீட்டர்தான் என்று படித்தேன். அதைப் பொறி தாண்டாதா?

உங்களைப் போலவே பெரிய அறிஞர்களும் கேட்டார்கள். இடைவெளியில் உப்புநீர்தான் இருக்கிறது. மின்னோட்டம் எதிர்ச் செல்லுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் கசிந்துவிடும். 1921இல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் வேகஸ் நரம்பை (மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் நரம்பு) தூண்டியதும் துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தில் இருந்த திரவத்தை மற்றதற்கு மாற்றினார், அதுவும் மெதுவாகியது. நரம்பே தொடாத இதயம்! அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின்.

நரம்பியல் விஞ்ஞானி ஜான் எக்கிள்ஸ், பொறிதான் தாண்டுகிறது என்ற மின்பொறிக் கட்சியில் ஆண்டுக்கணக்கில் நின்றார். 1951இல் நியூரானுக்குள்ளேயே மின்முனை வைத்து அளந்தார். முடிவு எதிராக வந்ததும் தன் கட்சியைத் தானே கைவிட்டார். எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது அந்த நேர்மை.

கடலூர் மஞ்சக்குப்பம், கல்லூரி மாணவர்: மின் சினாப்சும் உண்டே! வில்லியனூர்க்காரரை ஏன் மறுக்கிறீர்கள்?

உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு செல்களையும் புரதக் குழாய்கள் நேராக இணைக்கும் இடங்களில் மின்னோட்டம் அப்படியே கடக்கும். நம் மூளையிலும் இருக்கின்றன. பெரும்பான்மை ரசாயன சினாப்ஸ்களே.

பாகூர்: அப்பாவுக்கு நேற்று அரைமணி நேரம் வாய் கோணி, பேச்சு குழறியது. சரியாகிவிட்டது. என்ன சாப்பிடலாம்?

சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். பெரிய பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மறுபடி வந்தால் ஒரு நிமிடமும் காத்திராமல் 108.

அரியாங்குப்பம்: 10 சதவீதம் என்பது...

மூன்றாவது முறை. இல்லை.

தவளக்குப்பம்: மூளை பலப்பட எந்தக் கீரை?

கீரை எல்லாமே நல்லது. உங்கள் ஊர்ச் சாலையில் மூளைக்கு அதைவிடத் தேவை தலைக்கவசம்.

பண்ருட்டி, விவசாயி: பூச்சிமருந்து அடித்தவருக்கு எச்சில் வடிந்து, கண்மணி சுருங்கி, தசை துடித்தது. ஏன்?

வில்லியனூர் நண்பரும் இதைப் படிக்கட்டும். சினாப்சில் விழும் அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனே உடைத்துவிடும். அதனால்தான் செய்தி முடிவுக்கு வருகிறது. ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. செய்தி நிற்காமல் தட்டிக்கொண்டே இருக்கும். சுரப்பிகள் ஓயாமல் சுரக்கும், தசைகள் துடித்துத் துவண்டுபோகும், மூச்சு நிற்கும். அட்ரோபின் ஊசி சுரப்பிகளிலும் இதயத்திலும் அந்தத் தட்டலை மறைக்கிறது. தசைத் துவளலை அது சரிசெய்யாது.

நனைந்த சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவுபவர் கையுறை போடவேண்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவைக் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரிந்தால் மருத்துவருக்கு நேரம் மிஞ்சும்.