நம்பிக்கை போன பிறகும் விரதமும் கோயிலும் தொடர்ந்தால் அது போலித்தனமா?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். கடவுள் நம்பிக்கை இல்லாமல் விரதம், கோயில் என்று இருப்பது போலித்தனமா? இதை வீட்டில் சொல்லத்தான் வேண்டுமா? இரண்டும் என்னைப் பல வருடம் அரித்த கேள்விகள்.

எனக்கு 46 வயது. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், வளர்ந்ததும் இருப்பதும் கொழும்பு வெள்ளவத்தையில். 25 வயதளவில் நம்பிக்கை போனது. கோபத்தில் போகவில்லை. கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது எதிரில் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வு இல்லாமல் போயிற்று. சில மாதம் பொறுத்துப் பார்த்தேன், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு பத்து வருடம் எந்த விரதத்துக்கும் நான் இல்லை. வெள்ளிக்கிழமையிலும் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், சாப்பிட்டேன், வேண்டுமென்றே.

அப்பா போன பிறகுதான் மாறினேன். கனத்தை மயானத்தில் தகனம், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை எல்லாம் முடிந்து ஆடி அமாவாசை வந்தது. தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கிற விரதம். "தம்பி, கும்பிடாட்டிப் பரவாயில்லை. கொப்பரின்ரை விரதத்தை மட்டும் விட்டிடாதை" என்றார் அம்மா. முதல் வருடம் அவருக்காகத்தான் இருந்தேன். இப்போது எனக்காக இருக்கிறேன்.

முதல் நாளே சந்தைக்குக் காத்தோட்டிக்காய் வந்துவிடும். கசப்பான சின்னக் காய். ஆடி அமாவாசைச் சமையல் அது இல்லாமல் எங்கள் ஆட்களுக்கு நிறையாது, என்ன விலை சொன்னாலும் வாங்குவோம். காலையில் முழுகிவிட்டு வெறும் தேத்தண்ணியோடு அடுப்படியில் நிற்பேன். வாழைக்காய், பூசணி, பயற்றங்காய், கீரை, வடை, பாயசம் எல்லாவற்றையும் மனைவியும் அம்மாவும் பார்த்துக்கொள்வார்கள். காத்தோட்டிக்காய் மட்டும் என் வேலை. அப்பா அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்துவிட்டு, ஒரு பிடி சோற்றை எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடிச் சுவரில் வைப்பேன். கொழும்பில் காகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அன்று பல வீடுகளில் சோறு வைத்திருப்பதால் அவை தாமதமாகத்தான் வரும். பசியோடு காத்து நிற்கிற அந்த இருபது நிமிடம்தான் எனக்குப் பெரிது. அப்பா காகமாக வருகிறார் என்று நான் நம்பவில்லை. ஆனால் வேறு எதையும் யோசிக்காமல் அவரை மட்டும் நினைத்துக்கொண்டு நிற்க எனக்கு வருடத்தில் அந்த நேரம்தான் கிடைக்கிறது. அவருடைய பிறந்தநாளில் நானாக ஏதாவது செய்யலாம் என்று ஒருமுறை நினைத்தேன். அன்று வேலையிடத்தில் ஒரு கூட்டம், மறந்தே போனேன். ஆடி அமாவாசையை மறக்க விடமாட்டார்கள். மாமி தொலைபேசியில் கேட்பார், மரக்கறிக்காரர் கேட்பார், படியேறும்போதே நாலு வீட்டு வடை வாசம் வரும்.

சிவராத்திரிக்குக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கும் போகிறேன். பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் எழுப்பிய கோயில் அது. சின்ன வயதில் நான்கு சாமப் பூசையும் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு இரண்டாம் சாமத்திலேயே அப்பாவின் மடியில் தூங்கிப்போவேன். அந்தக் கல்லின் குளிர் இன்னும் அப்படியே இருக்கிறது.

சரி, போலித்தனமா என்ற கேள்விக்கு வருகிறேன். அம்மா சைவக்காரி. ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவார். அங்கே பௌத்தர்களும் வருவார்கள். உனக்கு எதில் நம்பிக்கை என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, உள்ளே போக ஒரு கொள்கையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று இன்றும் தோன்றவில்லை. என் வாயால் பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். அதனால் நேர்த்திக்கடன் வைப்பதில்லை, எனக்காக அர்ச்சனை செய்விப்பதும் இல்லை. ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டால் அம்மாவுடையதைச் சொல்வேன், அவர் நம்புகிறார். சாதகம், இராகுகாலம் பார்ப்பதை விட்டாயிற்று.

துடக்கு என்று தீட்டுப் பார்ப்பதையும் விட்டேன், அதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. மாதவிலக்கு நாளில் அக்கா சாமி அறைக்கு வெளியே நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர் முகம் இன்னும் மனதில் இருக்கிறது. என் மகள் எந்த நாளிலும் அப்பப்பாவின் படத்துக்கு விளக்கு வைப்பாள். கலாசாரம் என்ற பெயரில் எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

வீட்டில் சொல்வதா? சொல்லுங்கள், ஆனால் விசேஷ நாளில் வேண்டாம், கோயில் வாசலிலும் வேண்டாம். நான் 27 வயதில் ஒரு தைப்பொங்கலன்று, பானை பொங்கி வரும் நேரத்தில் சொன்னேன். அது தப்பு. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. ஒரு சாதாரண மாலையில், அவர் மட்டும் இருக்கும்போது சொல்லியிருக்கலாம். வாதாடாதீர்கள், அவர்கள் நம்பிக்கையைத் திருத்தவும் போகாதீர்கள். உங்களுக்கு எது இல்லை என்பதோடு, எதை விடமாட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் பயப்படுவது அந்த இரண்டாவதைப் பற்றித்தான். பத்து வருடம் கழித்து நான் அடுப்படிக்குத் திரும்பி வந்தபோது அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று, காத்தோட்டிக்காய்க்கு எவ்வளவு உப்புப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.