ஒயினில் எனக்கு லேசாக இனிப்பது மட்டும்தான் பிடிக்கிறது. எனக்கு ருசி தெரியவில்லை என்கிறார்கள், உண்மையா?

உண்மை இல்லை. உங்களிடம் அப்படிச் சொன்னவர் அநேகமாக ஆபீஸில் உங்களுக்கு மேலே இருப்பவர், சொன்ன இடம் ஏதோ ஒரு டீம் டின்னர். சரிதானே? எனக்கும் இதே பேச்சு கிடைத்தது. அதனால்தான் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக முடியவில்லை.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. பழக்கமில்லாதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே ருசித்துப் பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார், ஏற்கெனவே ருசித்துப் பார்க்கும் ஒருத்தி பதில் சொல்கிறேன். அறிவுரையோடு வருபவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், இருப்பது பெங்களூரில். இங்கே நந்தி மலை அடிவாரத்தில், தொட்டபள்ளாபுரம் பக்கம், ஒயின் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. கன்வல் குரோவர் 1988-ல் பிரெஞ்சு ரகங்களை வைத்துத் தொடங்கிய நிறுவனம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கமாக ஒரு தோட்டத்துக்கு ஆபீஸிலிருந்து எங்களைக் கூட்டிப்போனார்கள். நீள மேஜை, ஆளுக்கு நாலைந்து கிளாஸ், நடுவில் துப்புவதற்கு ஒரு பாத்திரம். ஊற்றிக்கொடுத்த பையன் உடனே குடிக்க விடவில்லை. கிளாஸின் காம்பைப் பிடித்து மெதுவாகச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகரச் சொன்னான். முதலில் வந்தது சாவிஞான் பிளாங் என்ற வெள்ளை ஒயின். குடமிளகாய் நறுக்கும்போது கிளம்புமே ஒரு பச்சை வாசம், அது வந்தது. இன்னொரு முறை சுழற்றினேன், கொய்யா வந்தது. சந்தோஷத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த சீனியர் சிரித்தார். “கொய்யாவா? கூஸ்பெரி என்று சொல்லுங்கள்.” அப்புறம் செனின் பிளாங் என்ற இன்னொரு வெள்ளை ஒயின் வந்தது. லேசான இனிப்பு, நல்ல புளிப்பு, தேன் மாதிரி ஒரு வாசம். எனக்கு அதுதான் பிடித்தது, அதையும் சொன்னேன். அதற்கு அவர், எல்லார் முன்னாலும்: “அது ஜூஸ் குடிப்பவர்களுக்கு. கேபர்னே பிடிக்காதவர்கள் ஒயினைப் பற்றிப் பேசவே கூடாது.” கேபர்னே என்பது ஒரு சிவப்பு ஒயின்.

இரண்டுமே தவறு, ஏன் என்று சொல்கிறேன். சாவிஞான் பிளாங்கில் பைரசீன் என்ற வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. குடமிளகாய்க்கு வாசம் கொடுப்பதும் அவைதான். ஆக, என் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கொய்யாவும் அந்த ஒயினுக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் வாசம்தான். புத்தகங்களில் வரும் கூஸ்பெரி ஐரோப்பியப் பழம், நம்ம ஊர் நெல்லிக்காய் இல்லை. நான் கண்ணால்கூடப் பார்க்காத பழத்தின் பெயரை எதற்காகச் சொல்ல வேண்டும்?

அடுத்தது இனிப்பு. சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். நிறமும் டானின் என்ற துவர்ப்பும் தோலிலிருந்து இறங்குகின்றன. நாவற்பழம் தின்றால் வாய் இழுத்துப் பிடிக்கும் இல்லையா, அதேதான். அந்த டானின் நம் எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டுபோகிறது. கொழுப்புள்ள மட்டன் கூட இருந்தால் அது அடங்கும். மிளகாய் இருந்தால் நேர்மாறு, ஆல்கஹாலும் டானினும் சேர்ந்து காரத்தை ஏற்றிவிடும். அன்றைக்கு மதியம் மேஜைக்கு வந்தது காரசாரமான சிக்கன் வறுவல். கேபர்னேயோடு சாப்பிட்டால் தொண்டை எரிந்தது, செனினோடு சாப்பிட்டால் எரிச்சல் தணிந்தது. நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு லேசாக இனிக்கும் குளிர்ந்த வெள்ளை ஒயின் பொருந்துவதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது. இதில் ருசி தெரியாமல் போக என்ன இருக்கிறது?

நிபுணர் என்றால் பயப்படுபவர்களுக்காக இதையும் சொல்கிறேன். பிரான்ஸில் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேரிடம், வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்பு நிறத்தைக் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வாசனைகளை எல்லாம் அதற்குச் சொன்னார்கள். 2001-ல் வெளிவந்த ஆய்வு அது. மூக்கைவிடக் கண் முந்திக்கொள்கிறது. அதனால் நான் வீட்டில் பாட்டிலுக்குச் செய்தித்தாளைச் சுற்றி வைத்துவிட்டு, கணவரை ஊற்றித் தரச் சொல்கிறேன். நீங்களும் செய்யுங்கள். இரண்டு ஒயினைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிவது, ஒன்றை மட்டும் குடித்தால் தெரியாது. தோன்றுவதை உங்கள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள், பேர் தெரியும் முன்னால்.

சிவப்பு பிடிக்கவில்லை என்று முடிவுகட்டும் முன் சூட்டையும் கவனியுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்கச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் அறை 16 முதல் 18 டிகிரி. ஏப்ரல் மாதத்தில் பெங்களூர் வீடு அப்படியா இருக்கிறது? சூடான ஒயினில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் பாருங்கள், எனக்கு ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் பிடிக்க ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். கேபர்னே இன்னும் பிடிக்கவில்லை. பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

ஃபிரேசர் டவுனில் நாங்கள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவார்கள். பெங்களூர் புளூ திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், கொஞ்சம் கோதுமை, பட்டை கிராம்பு. புவிசார் குறியீடு பெற்ற திராட்சை அது, தோல் தடிமன், வாசம் தூக்கலாக இருக்கும். தித்திக்கத் தித்திக்க இருக்கும் அந்த ஒயினைக் கேக்கோடு கொடுப்பார்கள். ஆன்ட்டிக்கு ருசி தெரியாது என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. தோட்டத்தில் எடுத்த போட்டோ எப்படியோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. அடுத்த கல்யாணத்தில் பெரியப்பா பந்தியில் வைத்துக் கேட்டார், “ஏட்டி, பெங்களூருல ஒயினெல்லாம் குடிக்கியாமே?” முந்தின ராத்திரி மண்டபத்துக்குப் பின்னால் காரில் பிராந்தி பாட்டிலோடு உட்கார்ந்திருந்தவர் அவர். அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, என் அம்மாவிடம் மட்டும் நாலு பேர் கேட்டார்கள். குடி தப்பு என்றால் எல்லாருக்கும் தப்பு என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். எனக்கு மட்டும் என்றால் கேட்க மாட்டேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முழு பாட்டில் வாங்காதீர்கள், சில ஒயின்கள் 375 மில்லியில் கிடைக்கின்றன. ஒரு செனின் பிளாங், ஒரு சாவிஞான் பிளாங், இந்த இரண்டோடு தொடங்குங்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றினால் சுழற்ற இடம் இருக்காது. மிச்சத்தை இறுக்க மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுநாள் இன்னொரு முறை முகர்ந்து பாருங்கள், வாசம் மாறியிருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.