அம்மாவைப் பார்த்துக்கொள்ள அரசு சம்பளம் தருமா?

தம்பி, கலிபோர்னியாவுக்கு வந்ததும் வராததுமாக நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் தன் தாயைக் கவனித்துக்கொள்ள அரசிடம் சம்பளம் வாங்குகிறாராம். தண்டையார்பேட்டையில் தனியாக இருக்கும் அம்மாவை அழைத்து வந்தால் உங்களுக்கும் கிடைக்குமா என்கிறீர்கள்.

சம்பளம் உண்மைதான். 1973 முதல் கலிபோர்னியாவில் நடக்கும் வீட்டுப் பராமரிப்புத் திட்டம், சுருக்கமாக ஐ.எச்.எஸ்.எஸ். என்பார்கள். வருமானம் குறைந்த முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் சொந்த வீட்டிலேயே வாழ்வதற்காக ஏற்பட்டது. கவுண்டியிலிருந்து, அதாவது நம் ஊர் மாவட்ட நிர்வாகம் போன்ற அலுவலகத்திலிருந்து, ஒருவர் வந்து குளிப்பாட்ட, சமைக்க, துணி துவைக்க என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் கணக்கிடுவார். உச்சவரம்பு மாதம் 283 மணி நேரம். ஆளை அமர்த்துவதும் நீக்குவதும் பயனாளியின் உரிமை. அந்த ஆள் மகளாகவோ மருமகளாகவோ இருக்கலாம். என் அம்மாவுக்கு என் மனைவிதான். ராயபுரத்தில் இதைச் சொன்னால் தெருவே சிரிக்கும். மருமகளை வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம் தன் கையில் இருப்பதை அம்மாவுக்கு நான் இன்னும் விளக்கவில்லை.

ஆனால் உங்களுக்கு இப்போது வழியில்லை. பெற்றோருக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமையான கிரீன் கார்டு கேட்க நீங்கள் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வருபவருக்கு இத்திட்டம் கிடையாது.

குடிமகனான பிறகும் இதை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பணத்தில் ஏறக்குறைய பாதி, வருமானம் குறைந்தவர்களுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் நிதி. மீதி மாநிலமும் கவுண்டியும் போடுவது. மெடிக்கெய்டு சட்டப்படி, தகுதியுள்ளவர் மருத்துவப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தால் மாநிலம் செலவைக் கொடுத்தே ஆக வேண்டும். வீட்டுப் பராமரிப்போ பெரும்பாலும் மாநிலத்தின் விருப்பம். செலவு குறைவானதும் மக்கள் விரும்புவதும் இதுதான். நிதி சுருங்கினால் முதலில் கத்தி விழுவதும் இதன்மேல்தான். 2013இல் எல்லாருடைய நேரத்திலும் 8 சதவீதம் வெட்டினார்கள், மறு ஆண்டு 7 சதவீதம். 2015இல்தான் திரும்பக் கிடைத்தது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு எந்த 8 சதவீதத்தைக் குறைப்பது? குளியலையா, கஞ்சியையா? 2025 ஜூலையில் கையெழுத்தான மத்தியச் சட்டமும் மெடிக்கெய்டு நிதியைக் குறைக்கிறது. இந்த வெட்டுகளை எதிர்த்துச் சக்கர நாற்காலியோடு சட்டமன்ற வாசலுக்குப் போகிறவர்கள் பொழுது போகாமல் போகவில்லை.

இப்போதைக்கு அம்மா அங்கேயே இருக்கட்டும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் கொடுத்தால் ரத்த அழுத்த மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வரும். குளிப்பாட்டவும் சோறு பொங்கவும் ஆள் வராது. அதற்குத் தெருவிலேயே தெரிந்த அக்கா ஒருவரைப் பேசி, சம்பளத் தேதி, வாரம் ஒரு நாள் லீவு இரண்டையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.