என்றைக்கு ஏமாற்றினேன் என்று அக்கா சொல்லவே இல்லையே!

கேள்வி: டீச்சர் வேலை பார்த்து அம்மா வாங்கிய வீடு, பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறது. 2016-ல் எனக்குத் தானப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தார். 2023-ல் காலமானார். இப்போது அக்கா சிட்டி சிவில் கோர்ட்டில் பாகம் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். 'தம்பி அம்மாவை ஏமாற்றி, நிர்ப்பந்தித்துக் கையெழுத்து வாங்கிவிட்டான். எனக்கு சமீபத்தில்தான் தெரியவந்தது' என்கிறது பிராது. என்றைக்கு, எங்கே, எப்படி என்று ஒரு வரி இல்லை. அம்மாவுக்கு நினைவு சரியில்லை என்பதற்கு ஆஸ்பத்திரி சீட்டுகள் இருக்கிறதாம், நகல் தரவில்லை. சம்மன் வந்து இரண்டு வாரம் ஆகிறது. 'விவரம் கொடுத்தால்தான் பதில் போடுவேன்' என்று மனு போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். நண்பர் சொல்வது பழைய கதை. கூடுதல் விவரம் கேட்டு மனு போட சிவில் நடைமுறைச் சட்டத்தில் (சி.பி.சி.) கட்டளை 6, விதி 5 என்று ஒன்று இருந்தது. 1999 திருத்தச் சட்டம் அதை எடுத்துவிட்டது, 2002 ஜூலை 1 முதல் அது இல்லை. வழக்கை இழுத்தடிக்கத்தான் பலர் அதைப் பயன்படுத்தினார்கள் என்பதும் உண்மை.

ஆனால் விதி 4 அப்படியே இருக்கிறது. மோசடி, தகாத செல்வாக்கு என்று குற்றம் சாட்டுகிறவர் அதன் விவரங்களை, தேவையென்றால் தேதியோடு, பிராதிலேயே சொல்லியாக வேண்டும். 1951-லேயே உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லிவிட்டது: எழுதிக்கொடுத்த விவரங்களை வைத்துத்தான் தீர்ப்பு, பிறகு சாட்சிக் கூண்டில் வேறு கதை சொல்ல முடியாது. ஆக, விவரம் இல்லாதது உங்கள் தலைவலி அல்ல, உங்கள் அக்காவின் பலவீனம்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த ஓட்டையை நீங்களே விரல் வைத்துக் காட்டாதீர்கள். இன்றைக்கு நச்சரித்துக் கேட்டால், நாளைக்கே அவருடைய வக்கீல் பிராதைத் திருத்த மனு போட்டு, தேதி, இடம் எல்லாம் அழகாகச் சேர்த்துவிடுவார். விசாரணை தொடங்கும் முன் திருத்தம் கேட்டால் கோர்ட் பெரும்பாலும் அனுமதிக்கும். தொடங்கிய பிறகு, 'கவனமாக இருந்தும் முன்பே சேர்க்க முடியவில்லை' என்று அவர் காட்டியாக வேண்டும். அது அத்தனை சுலபமில்லை.

முதல் வேலை, பதிலுரை. சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. சாதாரண சிவில் வழக்கில் அதற்குமேலும் தாமதத்தை மன்னித்த தீர்ப்புகள் உண்டு. அதை நம்பி உட்கார வேண்டாம். 'ஏமாற்றியதாகச் சொல்வது பொய், விதி 4 கேட்கும் விவரம் எதுவும் இல்லை' என்று மட்டும், எது எது இல்லை என்று விரிக்காமல், ஒரே பாராவில் முடித்துக்கொள்ளுங்கள். மற்றபடி அக்கா சொன்னதை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு மறுக்க வேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஆஸ்பத்திரி சீட்டு விஷயத்தில் மட்டும் சும்மா இருக்கக் கூடாது. பிராதில் பெயர் சொன்ன ஆவணத்தைக் காட்டச் சொல்லி கட்டளை 11, விதி 15-ன் கீழ் நோட்டீஸ் கொடுங்கள். இதற்கு கோர்ட் அனுமதி தேவையில்லை. எழுவினாக்கள் (வழக்கில் கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வகுப்பதற்குள் கொடுத்துவிட வேண்டும். தக்க காரணமின்றி காட்ட மறுத்தால், பின்னால் அதைச் சாட்சியமாகக் கொண்டுவர அவருக்கு வழி அடைபடும். சீட்டு வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். 2021-ல் மறதிக்குப் பார்த்த வைத்தியம், 2016 கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அடுத்து 'சமீபத்தில்' என்ற அந்தச் சொல். வேண்டுமென்றே மழுப்பலாக எழுதியது என்றே எனக்குத் தோன்றுகிறது. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, ரத்துக்கான காரணங்கள் முதலில் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கெடு (காலவரையறைச் சட்டத்தின் அட்டவணை, ஷரத்து 59). ரத்தும் கேட்டிருக்கிறாரா என்று பிராதின் கடைசிப் பக்கத்துக் கோரிக்கைகளில் பாருங்கள். இந்த நாளை மட்டும் கேட்டே ஆக வேண்டும். அதற்குத்தான் கட்டளை 11-ல் எழுத்துக் கேள்விகள், கோர்ட்டில் 'இன்டராகேட்டரி' என்பார்கள். கோர்ட் அனுமதியோடு கொடுக்கலாம், அவர் 10 நாளில் சத்தியப் பிரமாணத்தோடு பதில் தர வேண்டும். இரண்டே கேள்வி போதும்:

'தானப் பத்திரம் பற்றி உங்களுக்கு முதன்முதலில் தெரியவந்த நாள் எது, யார் மூலம்?'

'வீட்டுக் காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) தம்பி பெயருக்கு மாறியது உங்களுக்குத் தெரியுமா, எப்போது தெரிந்தது?'

இருபது கேள்வி எழுதினால், வலை வீசிப் பார்க்கிறார் என்று ஜட்ஜ் தள்ளிவிடுவார். பதிலே தராமல் இழுத்தால் வழக்கைத் தள்ளுபடி செய்யவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் முதலில் இன்னொரு வாய்ப்பு கொடுக்கத்தான் பார்ப்பார்கள், உடனே எதிர்பார்க்காதீர்கள்.

பத்திரத்தின் சான்றிட்ட நகல், காத்தா, வரி ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் வக்கீலைப் பாருங்கள். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் விசாரித்துவிட்டுப் போங்கள்.