காட்சிக் கவிதை என்றால் என்ன? சொல்லையும் உருவத்தையும் ஏன் கலக்கிறார்கள்?

சொற்கள் தாளில் அமர்ந்திருக்கும் விதமும் பொருளின் ஒரு பகுதியாகிவிட்டால், அது காட்சிக் கவிதை. படித்தால் மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும்.

பேச்சில் 'வா' என்பதைக் கொஞ்சியும் சொல்லலாம், அதட்டியும் சொல்லலாம். குரல்தான் பொருளை மாற்றுகிறது. அச்சில் குரல் கிடையாது. எழுத்தின் அளவும் சாய்வும் இடைவெளியும் அந்த வேலையைச் செய்கின்றன.

பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேரின் 1918ஆம் ஆண்டுத் தொகுப்பில் மழையைப் பற்றி ஒரு கவிதை உண்டு. அதில் எழுத்துகளே சாய்ந்த கோடுகளாக மேலிருந்து கீழே இறங்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது சுவிஸ் கவிஞர் ஒய்கன் கோம்ரிங்கர் எழுதியது. 'மௌனம்' என்று பொருள்படும் ஒரே ஸ்பானியச் சொல், ஐந்து வரிகளில், வரிக்கு மூன்று முறை. நடுவரியின் நடுவில் மட்டும் சொல் இல்லை, வெறும் இடம். 14 முறை எழுதியும் வராத மௌனம் அந்த வெற்றிடத்தில் வந்துவிடுகிறது! வாய்விட்டுப் படித்தால் இது கிடைக்கவே கிடைக்காது.

1950களில் பிரேசில் கவிஞர் அகுஸ்தோ தே காம்போசும் நண்பர்களும் இதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார்கள். எழுத்துகளை ஓர் உருவத்துக்குள் அடக்கிப் பாடும் நம் சித்திரகவிகளும் உறவுதான்: பாம்பு வடிவில் எழுதும் நாகபந்தத்தில் பாம்பின் உடல் பின்னும் இடங்களில் ஒரே எழுத்து இரண்டு இடத்துக்கும் பொருந்தியாக வேண்டும்.

கவிதைக்குப் பக்கத்தில் ஓவியம் அச்சிட்டாலே காட்சிக் கவிதை என்று பலர் நினைக்கிறார்கள். ஓவியத்தை எடுத்த பிறகும் கவிதை குறையாமல் நின்றால், அது படம் சேர்த்த கவிதை மட்டுமே.