மலைக்கென்று தனி வட்டு உண்டா?

கேள்வி: கோத்தகிரியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வட்டு எறிகிறாள். மலையில் காற்று லேசானது, விளிம்பில் எடை மிகுந்த வட்டு இருந்தால்தான் தூரம் போகும் என்று சொல்லி ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டுச் சான்றிதழும் வாங்கித் தருவாராம். நம்பலாமா?

பதில்: வட்டையும் வாங்காதீர்கள், அவரையும் நம்பாதீர்கள்.

காற்று லேசானது என்பது உண்மைதான். ஊட்டியின் உயரத்தில் அதன் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அதற்கு அவர் சொல்லும் மருந்துதான் தவறு. விளிம்பில் எடை கூடிய வட்டு, வேகமாகச் சுழன்று கையை விட்டுப் புறப்பட்டால்தான் சாயாமல் மிதக்கும். அந்தச் சுழற்சியைத் தர இன்னும் பழகாத பிள்ளையின் கையில் அது ஆடி ஆடிச் சீக்கிரமே விழுந்துவிடும். விளிம்பு எடை குறைந்த சாதாரண வட்டே இப்போதைக்குப் போதும். பெண்களுக்குக் கடைசிவரை 1 கிலோதான் என்பதால் எடை மாறுமோ என்ற கவலையும் வேண்டாம். புல்தரையில் வட்டை நிமிர்த்திப் பிடித்து, ஆள்காட்டி விரல் கடைசியாகத் தொட்டு விடும்படி உருட்டச் சொல்லுங்கள்; அது தள்ளாடாமல் நேராக உருளும்வரை விலையுயர்ந்த வட்டுக்கு வேலையில்லை. பனிமூட்ட நாளில் வட்டையும் கையையும் துடைக்க உலர்ந்த துணி கட்டாயம் வேண்டும்.

இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். போட்டிகளில் பொதுவாக அமைப்பாளர்கள் தரும் வட்டைத்தான் எறிய வேண்டும். சொந்த வட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் அமைப்பாளர்களிடம் இல்லாத வகையாக அது இருக்க வேண்டும், போட்டிக்கு முன்பே சோதனைக்குக் கொடுத்து முத்திரை பெற வேண்டும், அதன்பின் கேட்கும் போட்டியாளர் எவருக்கும் அதை எறியக் கொடுக்கவும் வேண்டும். உங்கள் 18,000 ரூபாயில் பக்கத்து ஊர்ப் பிள்ளை பதக்கம் வாங்கினாலும் நீங்கள் ஒன்றும் சொல்ல முடியாது.

சான்றிதழ் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அது கலந்துகொண்ட போட்டிக்கு, அதை நடத்திய அமைப்பு தருவது. இடையில் ஒருவர் "வாங்கித் தர" அதில் எதுவுமில்லை. போலி என்று சரிபார்ப்பில் தெரிந்தால் பாழாவது பிள்ளையின் இடம்தான், அவருடைய தொழில் அல்ல. போட்டி அறிவிப்பு முந்தைய நாள் மாலை கைப்பேசிக்கு வருவதும், வலைக்கூண்டு இல்லாத மைதானத்தில் பிள்ளைகளை எறியவிடுவதும் நீடிக்கும்வரை இத்தகைய தரகர்களுக்குப் பஞ்சமிருக்காது. பதிவு, வயதுச் சான்று எல்லாவற்றையும் உடற்கல்வி ஆசிரியர் வழியாகவோ, நேரில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலோ முடித்து, ஒவ்வொன்றுக்கும் ரசீதும் நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.